வற்றிய கடலும் என் மாமியாரும்

உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. நாலு பாகமாக வந்த ஒரு வெளிநாட்டுச் சண்டைப் படம் அதை எங்களுக்குத் தமிழில் கற்றுக்கொடுத்தது. அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயரும், டப்பிங் செய்தவர்கள் வைத்த அதைவிட நீளமான ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கடல் படம்'. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து டி.வி.யைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் ஏதாவது ஒரு பாகம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் பாகம் இல்லாவிட்டால் மூன்றாவது, மூன்றாவது இல்லாவிட்டால் மறுபடியும் முதலாவது. இரண்டாம் பாகத்தை ஏனோ பண்டிகை நாளில் மட்டும்தான் போடுவார்கள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாள் கடல் வற்றிப்போகிறது. ஏன் வற்றியது என்று விளக்க ஒரு விஞ்ஞானி வாயைத் திறக்கிறார், அதற்குள் அவரைச் சுட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஜனங்கள் கடலடித் தரையில் கவிழ்ந்து கிடக்கும் கப்பல்களுக்குள் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலைக் கோட்டையாக்கிக்கொண்டு, அதற்கு அடியில் சுரக்கும் ஒரே நல்ல தண்ணீர் ஊற்றைப் பிடித்து வைத்திருக்கிறான் வில்லன். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண், கண்ட இரும்பையும் சேர்த்துக் கட்டிய ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு அவனை எதிர்க்கிறாள். நாலு பாகத்துக்கும் இவ்வளவுதான்.

அரியலூரில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரும் ஒரு காலத்தில் கடலாக இருந்ததுதான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தோண்டினால் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் வரும். வெளியூரிலிருந்து படித்தவர்கள் வந்து அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். ஆகையால் கடல் வற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலை வரும். கல் ஏற்றிய லாரி வரும். வேப்பிலை சாம்பல் நிறத்துக்கு மாறும். துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்தால் மறுபடியும் துவைக்கத் தோன்றும். படத்தில் எல்லோரும் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து என் மாமியார் முதல் நாளே கேட்டார்.

"இந்தப் புழுதிக்கா இந்தக் கட்டு கட்டிக்கிறானுவோ? நம்ம ரோட்டுல ஒரு நாளு நடந்து பாக்கச் சொல்லு."

சொல்லு என்று அவர் சொன்னது டி.வி.யிடம். என்னிடம் அவர் பேசுவதில்லை. நானும் அவரிடம் பேசுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, பல வருஷங்களாக அப்படித்தான் இருந்தோம்.

காரணம் என் மகளின் காதுகுத்து. மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் அண்ணன். பெரம்பலூரில் சின்ன வெங்காய வியாபாரம் செய்கிறான். சீர்த்தட்டுகளையெல்லாம் தன்னுடைய குட்டியானையில் ஏற்றிக்கொண்டு, அதாவது அந்தச் சின்ன லோடு வண்டியில், விடியற்காலையிலேயே கிளம்பியிருக்கிறான். வழியில் டயர் பஞ்சர். இங்கே நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாமியார் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "எமகண்டம் பொறந்துடப் போவுது, உக்காருடா" என்று தன் தம்பியை உட்காரவைத்து, அவர் மடியில் குழந்தைக்குக் காதைக் குத்திவிட்டார்.

அண்ணன் தட்டோடு வந்து சேர்ந்தபோது குழந்தை காதில் கம்மலோடு மிட்டாய் தின்றுகொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்தான். பந்தியில் கை நனைக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டேன்.

"தாய்மாமன் உசுரோட இருக்கறப்பவே வேற மடி எதுக்கு?"

"வந்து சேராத மாமனுக்கு மடி எதுக்கு?" என்றார் மாமியார்.

நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. பிறகு தேவையானதை என் கணவர் மூலம் சொல்லிக்கொண்டோம். அவருக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி தூங்குவார், மீதியில் தபால்காரர் வேலை பார்ப்பார். அவர் இல்லாத நேரத்துக்கு ஜாடைப் பேச்சு. கோழியைத் திட்டுவது போல மாமியார் என்னைத் திட்டுவார், மிக்ஸியைத் திட்டுவது போல நான் அவரைத் திட்டுவேன். ஆனால் கோழியிடமும் மிக்ஸியிடமும் எவ்வளவுதான் பேச முடியும்? கடல் படம் வந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விரிவாகப் பேச வசதி கிடைத்தது.

முதல் பாகத்தில் எல்லோரும் கை தட்டும் காட்சி நங்கூரக் காட்சி. கதாநாயகியின் லாரியை வில்லன் ஆட்கள் துரத்துகிறார்கள். முன்னால் கடலடித் தரை முடிந்து பெரும் பள்ளம் ஆரம்பிக்கிறது. அவள் ஓடும் வண்டியிலிருந்து ஒரு கப்பல் நங்கூரத்தைத் தூக்கி வீசுகிறாள். அது ஒரு பாறையில் மாட்டிக்கொள்ள, சங்கிலி இழுத்து லாரி அப்படியே அரைவட்டம் அடித்துத் திரும்பிவிடுகிறது. துரத்தி வந்தவர்கள் வரிசையாகப் பள்ளத்தில் விழுகிறார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சங்கிலி விறைக்கும் நேரத்தில் எனக்கு மூச்சு நின்றுதான் வரும்.

"மெதுவா வந்திருந்தா மெதுவா திரும்பியிருக்கலாம்" என்றார் மாமியார். "சில பேருக்கு எல்லாத்துலயும் அவசரம். கொழம்பு கொதிக்கறதுக்கு முன்னாடியே எறக்கி வெச்சிடுறது."

"வேகமா வந்ததாலதான் பொழச்சா" என்றேன் நான் டி.வி.யைப் பார்த்து. "வாட்சைப் பாத்துக்கிட்டே நின்னிருந்தா என்ன ஆயிருப்பா?"

உள்ளே படுத்திருந்த என் கணவர், "ரெண்டு பேரும் படத்தைப் பாருங்களேன்" என்றார். நாங்கள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமியார் படத்தில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். கதாநாயகி 'குட்டமுடிக்காரி'. வில்லன் கழுத்தில் சங்கிலி போட்டிருப்பதால் 'சங்கிலிக்காரன்'. வில்லனின் தாய் ஒருத்தி வருவாள், கப்பல் அடுக்களையை விட்டு லேசில் வெளியே வராதவள். அவளுக்கு 'கப்பக்காரி'. கோடிகோடியாகச் செலவு செய்து கட்டிய வில்லனின் கோட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம ரஞ்சன்குடிக் கோட்டை இதைவிட லட்சணமா இருக்கும்" என்று முடித்துவிட்டார். அந்தக் கோட்டையின் பக்கவாட்டில் ஒரு குழாய் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை சங்கிலிக்காரன் அதைத் திறந்துவிடுவான். ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி, கடித்து, குத்தி, செத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். படம் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மனித நாகரிகத்தின் வீழ்ச்சி என்றெல்லாம் எழுதுகிறார்களாம்.

"ஆளுக்கொரு கொடத்தை வரிசையா வெச்சிட்டு நெழல்ல போயி உக்காருங்கடா" என்றார் மாமியார். "இது கூடவா தெரியாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் கூடக் குடம் வரிசையில் நிற்கும். ஆள் வேண்டியதில்லை. குடத்தை நகர்த்தி வைத்துத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு, ஆனால் இதுவரை யாரும் யாரையும் கடித்ததில்லை. நாகரிகம் வீழ்ந்தாலும் குடம் மிஞ்சும் என்பது அந்தப் படம் எடுத்தவர்களுக்குத் தோன்றாமல் போனது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இரண்டாம் பாகத்தில் வரும் ஒரு சின்னக் காட்சி. அதில் சண்டை கிடையாது. மணல் புயல் வந்து கதாநாயகியும் கப்பக்காரியும் ஒரு உடைந்த கப்பலின் அடுக்களைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தியின் மகனை மற்றவள் கொல்லத் துடிக்கிறாள், அது இரண்டு பேருக்கும் தெரியும். இருப்பது ஒரே ஒரு டப்பா மீன். கப்பக்காரி அதைத் திறந்து, இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை முகத்தைப் பார்க்காமல் இந்தப் பக்கம் தள்ளுகிறாள். இவளும் முகத்தைப் பார்க்காமல் தின்கிறாள். வெளியே காற்று ஊளையிடுகிறது. அவ்வளவுதான்.

அந்தக் காட்சி வரும்போது மட்டும் நாங்கள் ஜாடை பேசியதில்லை. மாமியார் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நான் துணி மடிக்க ஆரம்பிப்பேன். பண்டிகை நாளில் மட்டும் அந்தப் பாகத்தைப் போட்டது ஒருவகையில் நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். அதில் கதாநாயகிக்கு அக்குளுக்குக் கீழே இரும்புக் கம்பி குத்திவிடுகிறது. கூட்டாளிகளிடம் சொன்னால் வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். அதனால் தோல் கோட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல ஓட்டிக்கொண்டே போகிறாள். முகத்தைக் காட்டமாட்டார்கள். ஸ்டீயரிங்கில் அவளுடைய கை நழுவி நழுவிப் பிடிப்பதை மட்டும் காட்டுவார்கள்.

அன்றைக்கு நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமியார் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

"சொல்ல மாட்டா" என்றார் மாமியார், டி.வி.யிடம். "எப்படிச் சொல்லுவா? மாருல கட்டி மாதிரி ஒண்ணு வந்திருக்குது. வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆனா பெருசாவுது. மகன்கிட்ட சொல்ற விஷயமா இது? அதான் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கிறா."

வழக்கம்போல எனக்குத்தான் ஏதோ குத்தல் என்று பதில் தேட ஆரம்பித்தேன். அந்த வாரம் நான் எதை மூடி மறைத்தேன்? நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் சுற்றுலா போகிறார்கள் என்பதை வீட்டில் சொல்லவில்லை. அதைத்தான் சொல்கிறார் என்று முடிவு செய்து, சூடாக ஒரு வாக்கியமும் தயார் செய்துவிட்டேன். அதைச் சொல்வதற்காக நிமிர்ந்து டி.வி.யைப் பார்த்தேன்.

திரையில் யாரும் சேலை கட்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மகனும் கிடையாது.

கீரையைக் கீழே வைத்தேன். மாமியார் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. எவ்வளவு நாளாக அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் அவரைப் பார்ப்பதே இல்லையே.

"அத்தை, என்ன ஆச்சு?" என்று திரும்பிக் கேட்டிருக்கலாம். மற்ற வீடுகளில் மனுஷர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார், அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கமாட்டார் என்று பயமாக இருந்தது. அவர் திறந்து வைத்திருந்த வழி ஒன்றுதான். நானும் அதிலேயே போனேன்.

"டாக்டர்கிட்ட காட்டணும் அவ" என்றேன் டி.வி.யிடம்.

"எந்த டாக்டரு? எல்லாம் ஆம்பளைங்க. அந்த ஊருல ஏது லேடி டாக்டரு."

"பெரம்பலூர்ப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில இருக்காங்க."

கடல் வற்றி, நாடுகள் அழிந்து, தண்ணீருக்காக மனிதர்கள் கடித்துக்கொள்ளும் உலகத்தில் பெரம்பலூர் மட்டும் தப்பித்திருப்பதை மாமியார் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

"கூட யாரு வருவா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடந்தவளுவோ வருவாளுவளா?"

"வருவாங்க. சண்டை வேற, இது வேற."

அதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். சோப்பு விளம்பரத்திடம் ஜாடை பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். படம் மறுபடி ஆரம்பித்ததும் மாமியார் கேட்டார்.

"எப்ப போறாளாம்?"

"செவ்வாக்கெழமை."

"செவ்வாக்கெழமை வேணாம். புதன்."

புதன்கிழமை காலையில் பார்த்தால் டவுனுக்கு வெளியே சாலை மறியல். முந்தின நாள் லாரி இடித்து யாருக்கோ கால் போய்விட்டது, நியாயம் கேட்டு ஊரே ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. பஸ் ஓடவில்லை. கணவருக்கு ஷிஃப்ட். அவருக்கு விஷயம் தெரியவும் கூடாது என்பது டி.வி. வழியாக எனக்கு வந்திருந்த உத்தரவு. யோசித்துப் பார்த்து அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அத்தையைக் கெளம்பி இருக்கச் சொல்லு. ஊருக்குள்ள பூந்து வந்துடுறேன்" என்றான்.

படத்தில் வரும் எந்த வண்டி ஓட்டத்துக்கும் குறையாத ஓட்டம் அது. மாமியார் முன்சீட்டில். நான் பின்னால் வெங்காய மூட்டைகளின் மேல். மெயின் ரோட்டை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் போகும் மண் பாதையில் குட்டியானை குதித்துக் குதித்துப் போனது. ஒரு திருப்பத்தில் மூட்டையோடு மூட்டையாக நானும் ஒரு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணில் தண்ணீராக வந்தது. வெங்காயம் என்றுதான் நினைத்தேன். முன்னால் அவர்கள் பேசுவது கண்ணாடி இல்லாத பின்பக்க ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகக் கேட்டது.

"அத்தை, கதவைச் சேத்துப் புடிச்சிக்குங்க. லாக்கு சரியில்ல."

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்து, "சில பேரு சொன்ன நேரத்துக்கு வந்துடுறாங்க" என்றார்.

என் அண்ணனுக்கு ஜாடைப் பேச்சு வராது. எங்கள் பிறந்த வீட்டில் அவனுக்கு அந்தப் பாடமே ஏறவில்லை.

"இன்னிக்குப் பஞ்சர் ஆவல அத்தை. ஆயிருந்தா இன்னிக்கும் லேட்டுதான்" என்று சிரித்தான்.

மாமியார் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முக்காடு மட்டும் தெரிந்தது. அது லேசாக ஆடியது, வண்டி குலுங்கியதாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் சின்ன வயசுக்காரர். "எவ்வளவு நாளா இருக்குதும்மா?" என்று கேட்டார். மாமியார் டாக்டரின் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்து, "மாசக்கணக்கா இருக்குது" என்றார். டாக்டர் எலும்புக்கூட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "கூட வந்திருக்கறது யாரு, மகளா?" என்றார். "மகன் பொண்டாட்டி" என்றார் மாமியார், அதையும் எலும்புக்கூட்டிடம். கட்டியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மத்தியானம் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணி இலை போட்டார். மாமியார் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து கை நனைத்தார். ரசம் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் மோரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் நின்றான்.

கட்டி கெட்ட கட்டி என்று முடிவு வந்தது. இனி மறைக்க முடியாது. கணவரிடம் நான்தான் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அம்மா உன்கிட்டயா சொன்னுச்சு?" ஆமாம் என்றேன். எப்படிச் சொன்னார் என்று விளக்கப் போனால் அவருக்குப் புரியாது, அவர் எந்தப் பாகத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை.

ஆபரேஷன் ஆயிற்று. அதன் பிறகு வாரம் விட்டு வாரம் மருந்து ஏற்றப் போக ஆரம்பித்தோம். பஸ் வேண்டாம் என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் வண்டியோடு வந்தான். ஆஸ்பத்திரியில் நான் மாமியாருக்கு முதுகு துடைத்துவிட்டேன், வாந்தி எடுத்தால் ஏனம் பிடித்தேன், தலை வாரிவிட்டேன், அப்புறம் வார ஒன்றும் இல்லாமல் போனது. எல்லாம் மாறிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. அப்போதும் நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. பகை தீர்ந்து வெகு நாள் ஆகியிருந்தது, பழக்கம்தான் போகவில்லை. கட்டிலுக்கு மேல் தொங்கும் மருந்து பாட்டிலைப் பார்த்து, "கொஞ்சம் சுடுதண்ணி குடிச்சா தேவலை" என்பார். நானும் பாட்டிலைப் பார்த்து, "ஆற வெச்சிருக்கு" என்பேன். நர்ஸ் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

தலைமுடி கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாக முளைக்க ஆரம்பித்தபோது மாமியார் கண்ணாடியைப் பார்த்து, "குட்டமுடிக்காரி ஆயாச்சு. லாரிதான் இல்ல" என்றார். அன்றைக்கு நான் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்து அவரும் சிரித்தார். சரியாகிவிடும் என்று அந்தச் சமயத்தில் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

போன முறை காட்டியபோது டாக்டர் மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னையும் கணவரையும் மட்டும் உள்ளே வைத்துப் பேசினார். மருந்து கேட்கவில்லை, நோய் முதுகெலும்பில் இறங்கியிருக்கிறது என்றார். வெளியே வந்தோம். மாமியார் எங்கள் முகத்தைப் பார்த்தார். "வெயில் ஏறுறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்" என்று மட்டும் எதிரில் இருந்த தூணிடம் சொன்னார்.

இதற்கு நடுவில்தான் நாலாம் பாகம் வந்தது. அதுதான் கடைசிப் பாகம். தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டி.வி.யில் பொங்கலுக்குப் போடுவார்கள் என்று பேச்சு. பொங்கலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. என் மகள் இப்போது வெளியூரில் காலேஜ் படிக்கிறாள். அவள் அதை ஆங்கிலத்தில் என் போனில் போட்டுக்கொடுத்திருந்தாள். பள்ளியில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தேன். சங்கிலிக்காரன் சாகிறான், குழாய் எல்லோருக்கும் திறக்கிறது. வண்டிகள் பறக்கின்றன, வெடிக்கின்றன, முந்தின மூன்று பாகத்திலும் பார்க்காத வேகம். நல்ல படம்தான். ஆனால் கடைசியில் குட்டமுடிக்காரி பிழைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரால் இப்போது நாற்காலியில் உட்கார முடிவதில்லை. டி.வி.க்கு எதிரில் கட்டிலைப் போட்டிருக்கிறோம். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நங்கூரக் காட்சி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"கடைசிப் பாகத்தை நீ பாத்துட்டியா?"

நீ என்ற சொல்லில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரையோ கேட்கிறார் என்று சுற்றிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"பொங்கலுக்கு டி.வி.யில போடுவாங்க" என்றேன், டி.வி.யைப் பார்த்து. "அப்ப எல்லாருமா சேந்து பாத்துக்கலாம்."

"அதைப் பாத்துப் பேசாத. என்னையப் பாத்துச் சொல்லு."

திரும்பினேன். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காதுகுத்துக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. கண் மட்டும்தான் பழைய மாதிரி இருந்தது.

"பாத்துட்டேன் அத்தை."

"குட்டமுடிக்காரி செத்துடுறாளா?"

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஜாடையில் என்றால் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு எனக்கு வரவில்லை.

"ஆமா அத்தை."

"ரொம்பக் கஷ்டப்படுறாளா?"

"இல்ல. தூங்குற மாதிரிதான்."

திரையில் சத்தமே இல்லாமல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப பக்கத்துல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன் அத்தை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்னைய எப்ப படத்துல சேத்தானுவோ?" என்றார். சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார், படம் முடிகிற வரைக்கும் விடவில்லை.